அக்கா, என் முதுகில் இருப்பது சாயம்தான்

மதிப்பிற்குரிய தோமியே அக்காவுக்கு,

தம்பி தொகுஜி பாயில் நெற்றி படக் குனிந்து எழுதிக்கொள்வது. இங்கே மழைக்காலம் பிடித்துக்கொண்டது. வேலியோரத்து அஜிசாய்ப் பூக்கள் நீலத்திலிருந்து ஊதாவுக்கு மாறிவிட்டன. கனசாவாவில் மழை எப்படி, அத்தானின் முழங்கால் எப்படி, ஊறுகாய்ச் சாடியில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கிறதா என்றெல்லாம் முறைப்படி ஒரு பக்கம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வரவேண்டும் என்று உட்கார்ந்தேன். ஆனால் உங்கள் தந்தி மேசைமேல் கிடந்து என்னையே முறைக்கிறது. "எந்தக் கும்பல். எப்போதிருந்து. உடனே எழுது." தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் 'அன்புத் தம்பி' என்று ஒன்றைச் சேர்த்திருக்கலாம். கொண்டுவந்த தபால்காரர் அதைப் படித்துவிட்டார் போல. எப்போது வந்தாலும் வாசலில் நின்று ஒரு வாய் தேநீர் குடிக்காமல் போகாத மனுஷன். அன்றைக்கு ரசீதில் முத்திரைகூட வாங்கவில்லை. "வர்றேங்க, வீட்ல எல்லாரையும் கேட்டேன்னு சொல்லுங்க" என்று முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து போய் சைக்கிளில் ஏறினார்.

அக்கா, நான் எந்தக் கும்பலிலும் இல்லை. நகரக் குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் பார்த்தே ஓய்வுபெற்றவன் நான். டிராமில் கண்டக்டர் என்னைக் கவனிக்காமல் போய்விட்டால், இறங்கின பிறகும் வண்டிகூடவே ஓடிப்போய்ச் சீட்டுக் காசைக் கொடுத்துவிட்டு வருகிறவன். மாப்பிள்ளை வீட்டு ஓனுகி அம்மாள் உங்களுக்கு என்ன எழுதியிருப்பாள் என்று ஊகிக்க முடிகிறது. என் முதுகில் ஒரு கெண்டை மீன் இருப்பது உண்மை. அது அருவியில் ஏறிக்கொண்டிருப்பதும் உண்மை. ஆனால் அது பச்சை குத்தினது இல்லை, சாயம்.

பதறாதீர்கள். நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். என் பெண் மிசாவோவின் கல்யாணம் நின்றுவிட்டது. தலையில் கை வைத்துக்கொள்ளாதீர்கள் அக்கா, முழுக்கப் படியுங்கள். பெரிய கண்டம் ஒன்று தப்பியது. நானே இப்போதுதான் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, காலை நீட்டிப் போட்டு, நிம்மதியாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

எல்லாம் மிசாவோவின் சாப்பாட்டு டப்பாவில்தான் ஆரம்பித்தது. அவள் சினிமா கம்பெனியில் பிலிம் வெட்டி ஒட்டும் அறையில் வேலை செய்வது உங்களுக்குத் தெரியும், தெரியாத மாதிரி உறவுக்காரர்களிடம் 'புகைப்படத் துறை' என்று சொல்லிக்கொண்டிருப்பதும் எனக்குத் தெரியும். அன்றைக்கு டப்பாவை மறந்துவிட்டுப் போய்விட்டாள். தூறலில் குடை பிடித்துக்கொண்டு நான் எடுத்துப் போனேன். கம்பெனி முற்றத்தில் ஒரு பையன்போல இருந்த உதவி இயக்குநர் என்னை மறித்தார். "சார், கொஞ்சம் அப்படித் திரும்புங்க. இப்ப இப்படித் திரும்புங்க" என்றார். திரும்பினேன். உள்ளே ஓடிப்போய் இயக்குநர் ஹதானாகாவையே கூட்டிவந்துவிட்டார். ஹதானாகா பற்றவைக்காத சிகரெட்டை மென்றுகொண்டே என்னை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "கூட இருந்தவனைக் காட்டிக் குடுத்த மூஞ்சிய்யா இது! இத்தன நாளா இத எங்கய்யா ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்றார். நியாயமாக எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். நான் குடையை மடக்கி, குனிந்து வணங்கி, நன்றி சொன்னேன். என் முகத்தை இதற்கு முன்னால் யாரும் எதற்காகவும் புகழ்ந்ததில்லை அக்கா. நீங்கள் உட்பட.

படத்தின் கதை இதுதான். யுத்தம் முடிந்த கையோடு ஒரு துறைமுக ஊர். ஆஸ்பத்திரிக்கு வர வேண்டிய நிலக்கரி வழியிலேயே காணாமல் போகிறது. நகரமன்ற உறுப்பினர் ஒருத்தரும் ஒரு ரவுடிக் கும்பலும் கூட்டு. நோயாளிகள் குளிரில் சாகிறார்கள். ஒரு பத்திரிகைக்காரன் துப்புத் துலக்குகிறான். படம் முழுக்க மழை, ஒரு காட்சியில்கூட வெயில் கிடையாது. எல்லோரும் இருட்டுச் சந்தில் நின்று தீக்குச்சி கிழிக்கிறார்கள், அந்த வெளிச்சம் அணைவதற்குள் ஆள் யார் என்று நாம் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். குடிநீர் அலுவலகத்தில் இருந்தவன் என்ற முறையில் அவ்வளவு தண்ணீர் வீணாவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் என் காட்சி உள்ளே, பொதுக் குளியலறையில். கும்பலின் இரண்டாவது ஆள் நான். உறுப்பினர் நீராவிக்குள் வருவார், நான் திரும்பாமலே "வாயத் தொறந்தா கடல்ல மெதப்பே" என்று சொல்ல வேண்டும், அவர் முகம் வெளுக்க வேண்டும்.

சொன்னேன். ஹதானாகா தலையில் அடித்துக்கொண்டார். "ஏன்யா, 'உங்க வீட்டுக் குழாய் ஒழுகுதா'ன்னு விசாரிக்கிற மாதிரியே சொல்றே?" என்றார். அரை நாள் சொல்லிப் பார்த்தேன். குழாய் ஒழுகிக்கொண்டேதான் இருந்தது. கடைசியில் அவர், "உனக்கு வாய் வேணாம். உன் முதுகு நல்லாப் பேசுது. ஜெயில்ல களி தின்ன முதுகு. அது போதும்" என்று வசனத்தை வெட்டிவிட்டார். இனி அந்த உறுப்பினர் என் முதுகைப் பார்த்தே வெளுக்க வேண்டும். அந்த வேஷத்தில் நடித்தவர் பேர்போன நடிகர். பாவம், அவருக்கும் அன்றைக்கு வரவில்லை. ஹதானாகா அவரையும் விட்டுவைக்கவில்லை. "இது பயந்த முகம் இல்லீங்க, சாப்பிட்டது செரிக்காத முகம்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

இப்போது சாயத்துக்கு வருகிறேன். ரவுடி என்றால் முதுகில் பச்சை இருந்தாக வேண்டும். வரைகிறவர் உசுய் என்று ஒரு பெரியவர். கியோத்தோவில் கிமோனோப் பட்டுக்குச் சாயம் தோய்த்துக்கொண்டிருந்தவர், யுத்தத்துக்குப் பிறகு பட்டு வாங்க ஆளில்லாமல் சினிமாவுக்கு வந்துவிட்டார். எனக்கு முந்தின நாள் நாலு ரவுடிகளுக்கு அவர் வரைந்த டிராகன்கள் குளியல் தொட்டியில் உட்கார்ந்ததும் கரைந்து, தண்ணீர் நீலமாகி, நாலு பேரும் பிறந்த குழந்தை மாதிரி சுத்தமாக எழுந்து நின்றிருக்கிறார்கள். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். உசுய்க்கு மானம் போய்விட்டது. அதனால் எனக்கு மட்டும் சினிமாச் சாயத்தை விட்டுவிட்டு, கியோத்தோவிலிருந்து கொண்டுவந்த அசல் பட்டுச் சாயத்தை எடுத்துவிட்டார். அது நீராவி பட்டால்தான் பிடிக்குமாம். என்னையோ நாள் முழுக்க நீராவியில் உட்கார வைத்திருந்தார்கள்! கெண்டையின் கண்ணை மட்டும் அவர் வைக்கவில்லை. "தாருமா பொம்மைக்கு வேண்டுதல் பலிச்சதும் கண்ணு வெக்கிறோம்ல, அது மாதிரி வேலை முடியட்டும், வெக்கிறேன்" என்றார். வேலை முடிந்தது, விளக்கை அணைத்தார்கள், எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டோம்.

அன்று சாயங்காலம் மிசாவோ கயிற்றுப் பிரஷ்ஷால் தேய்த்தாள். தவிட்டுப் பை, வினிகர், சலவைக்காரரிடம் வாங்கின வெளுப்புத் தூள், ஒன்றுவிடாமல் போட்டுப் பார்த்தாள். "அப்பா, தேய்க்கத் தேய்க்க மீனு பளபளன்னு ஆகுதுப்பா" என்றாள். உசுய்யை வரவழைத்தேன். வந்தவர் என் முதுகைப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த மாதிரி ஒரு பிடிப்பு பட்டுலகூட வந்ததில்லீங்க" என்று மீனை வணங்கிவிட்டுப் போனார். அது தானாக உதிர மழைக்காலம் முடியவேண்டுமாம்.

அந்த நேரம் பார்த்துத்தான் உங்கள் கடிதம் வந்தது. ஓனுகி வீட்டார் சம்மதம் சொல்லிவிட்டார்கள், நிச்சய வரிசை அனுப்புவதற்கு முன்னால் இரண்டு குடும்பமும் அதாமி வெந்நீர் ஊற்று விடுதியில் ஒரு நாள் தங்கிப் பழக வேண்டும் என்கிறார்கள், இதுவும் தட்டிப்போனால் இனி என் முகத்தில் விழிக்காதே என்று எழுதியிருந்தீர்கள். ஊரே கையெடுத்துக் கும்பிடுகிற குடும்பம் என்று அடிக்கோடு வேறு போட்டிருந்தீர்கள். தள்ளிப்போட நினைத்தேன் அக்கா. ஆனால் மிசாவோவைப் பார்த்தேன். வந்த வரன்களை எல்லாம் 'காது பெரிசு', 'சூப்பை உறிஞ்சுறான்' என்று தட்டிக்கழித்த பெண், இந்த ஷின்சாகுவை முதல்தடவை பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அரிசி களையும்போது பாட்டு முணுமுணுக்கிறாள். அவள் அம்மா போன பிறகு எங்கள் வீட்டில் யாரும் பாடினதில்லை. எப்படித் தள்ளிப்போடுவேன்? முதுகை மறைத்துக்கொண்டு ஒரு நாளைத் தள்ளிவிடலாம் என்று கிளம்பிவிட்டேன். வெந்நீர் ஊற்று விடுதிக்குப் போய்க் குளிக்காமல் திரும்பிவிடலாம் என்று நினைத்த ஒரே ஜப்பானியன் நானாகத்தான் இருப்பேன்.

ரேஷனில் கிடைத்த எங்கள் பங்கு அரிசியைப் பையில் கட்டிக்கொண்டுபோய் விடுதி வேலைக்காரியிடம் கொடுத்துவிட்டு மாடிக்குப் போனோம். ஓனுகி ஆள் வாட்டசாட்டம். ஹமாசே ஊரின் நகரமன்ற உறுப்பினர், குண்டுவீச்சில் எரிந்த பள்ளிக்கூடத்தைத் திரும்பக் கட்டின குழுவுக்குத் தலைவர். அவர் சிரித்தால் காகிதக் கதவு அதிர்கிறது. மகன் ஷின்சாகு ஒல்லி, சாந்தம், அந்தப் பள்ளிக்கூடத்திலேயே வாத்தியார். தேநீர் குடிக்கும்போது பேச்சுவாக்கில் அவன், "எங்க வகுப்புச் சுவத்துல விரிசல் விட்டிருக்குங்க. பெருசாகுதான்னு பார்க்க மேல காகிதம் ஒட்டி வெச்சேன். மறுநா வந்து பார்த்தா கிழிஞ்சிருக்கு. திரும்ப ஒட்டினா திரும்பக் கிழியுது" என்றான்.

"புதுக் கட்டடம்னா கொஞ்சம் சோம்பல் முறிக்கும்டா" என்று ஓனுகி சிரித்தார். கதவு அதிர்ந்தது.

"பெஞ்சையெல்லாம் நடுவுல இழுத்துப் போட்டுப் பாடம் நடத்துறேன்" என்று அவன் மிசாவோவைப் பார்த்துச் சொன்னான். அவள் தலையாட்டினாள். இரண்டு பேரும் ஏற்கெனவே கல்யாணமாகி வீட்டுக் கூரையைப் பற்றிப் பேசிக்கொள்கிற மாதிரி இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்போதுதான் ஓனுகி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்க சம்பந்தி, சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு முழுக்குப் போட்டுடலாம்" என்றார்.

எனக்கு இடுப்புவலி என்றேன். "அட, இந்தத் தண்ணி இடுப்புவலிக்குன்னே இருக்கு! கீழ பலகையில எழுதியிருக்கான் பாருங்க" என்றார். தோலில் ஏதோ அரிப்பு என்றேன். பலகையில் இருக்கிறது என்றார். வயிற்றுக்கோளாறு என்றேன், பழைய மலேரியா என்றேன், நரம்புத் தளர்ச்சி என்றேன். அவர் ஒவ்வொன்றுக்கும் கைதட்டிக்கொண்டே என் தோளில் கைபோட்டுக் கீழே இழுத்துவந்து பலகை முன்னால் நிறுத்திவிட்டார். அக்கா, அந்தப் பலகையை எழுதினவன் நன்றாக இருக்கட்டும். மனுஷனுக்கு வரக்கூடிய அத்தனை நோயும் அதில் இருந்தது. கடைசி வரியில் பெண்களுக்கு வருகிற கோளாறுகளும் இருந்தன, இல்லாவிட்டால் அதையும் சொல்லியிருப்பேன்.

உள்ளே நல்லவேளையாக நீராவி. நான் சுவரோடு முதுகை ஒட்டவைத்துக்கொண்டு நண்டுபோலப் பக்கவாட்டில் நகர்ந்து, தொட்டியில் கழுத்துவரை இறங்கிவிட்டேன். அவர் எழுந்திருப்பார், நான் பிறகு எழுந்திருக்கலாம் என்று கணக்கு. அவர் எழுந்திருக்கவில்லை. ஹமாசேயில் மீன் விலை, வாக்காளர்களின் நன்றிகெட்ட குணம், பள்ளிக்கூடத் திறப்புவிழாவில் தான் ஆற்றிய உரை, எல்லாவற்றையும் சொன்னார். நான் வெந்துகொண்டிருந்தேன். தலைக்குமேலே வைத்திருந்த துண்டிலிருந்தே ஆவி வந்தது. கடைசியில் கண் இருட்டிக்கொண்டு வர, உயிர் முக்கியமா மானம் முக்கியமா என்று யோசிக்கக்கூடத் தெம்பில்லாமல் தட்டுத்தடுமாறி ஏறி முக்காலியில் உட்கார்ந்தேன். பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. "இருங்க இருங்க, சம்பந்தி முதுகைத் தேய்ச்சு விடாம சொந்தம்னு எப்படிச் சொல்லிக்கிறது?"

மறுக்க முடியுமா? அதைவிட அவமரியாதை உண்டா? கண்ணை மூடிக்கொண்டேன். தண்ணீர் மொண்டு ஊற்றினார். சோப்புத் துணியை இடது தோளில் வைத்தார். ஒரு இழுப்பு இழுத்தார். அப்புறம் கை நின்றுவிட்டது.

நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா, அந்தப் பெரிய நடிகருக்கு அரை நாள் பாடுபட்டும் வராத வெளுப்பு இவருக்கு ஒரே தடவையில் வந்திருந்தது. ஹதானாகா மட்டும் அங்கே இருந்திருந்தால் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பார்.

"ஐயா, இது சாயம்" என்றேன் உடனே. "ஒரு படத்துல நடிச்சேன். கழுவினா போகலை. கல்யாணப் பேச்சு நடக்குற நேரத்துல தப்பா நினைச்சுடுவீங்களோன்னு..."

"படம்" என்றார். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ஆமாங்க. படம். படம்னே வெச்சுக்குவோம்."

"சத்தியமாங்க. நான் குடிநீர் அலுவலகத்துல மீட்டர் பார்த்தவன்."

"ஊர்ல அப்படித்தான் சொல்லிக்கணும், புரியுதுங்க." அவர் துணியைத் திரும்ப எடுத்து, குழந்தையைக் குளிப்பாட்டுகிற பதத்தில் என் முதுகைத் தடவ ஆரம்பித்தார். "மீனுக்கு இன்னும் கண்ணு வெக்கலீங்களே, அண்ணே?"

சம்பந்தியாக இருந்த நான் எப்போது அண்ணன் ஆனேன் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டதற்கு உள்ளதைச் சொன்னேன். "வேலை முடிஞ்சதும் வெக்கிறேன்னு சொல்லியிருக்காருங்க."

துணி கீழே விழுந்தது. அவர் அப்படியே ஈரத் தரையில் மண்டியிட்டு நெற்றியை ஓட்டில் முட்டிக்கொண்டார். அந்த வாட்டசாட்டமான ஆள், பிறந்தமேனியாக. "அண்ணே, நான் வாயைத் தொறக்கலை! அரசு வக்கீல் ஆபீஸ்லேருந்து ரெண்டு தடவை கூப்பிட்டாங்க, ஒரு வார்த்தை சொல்லலை! சிமெண்டு நம்ம படகுல போன கதையெல்லாம் என்னோட மண்ணுக்குள்ள போயிரும்னு பெரியவர்கிட்ட சொல்லுங்கண்ணே. சம்பந்தம் பேசுற மாதிரி ஆளை அனுப்பிப் பார்க்கணுமா? என் மேல நம்பிக்கை இல்லையா?"

எந்தச் சிமெண்டு என்று கேட்டேன். எனக்குத் தெரியாததால்தான் கேட்டேன். அவர் சோதனை வைக்கிறேன் என்று நினைத்து ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டார். பள்ளிக்கூடத்துக்கு வந்த சிமெண்டில் பாதியை ஹமாசேத் துறைமுகத்துக் கும்பல் மூலம் கள்ளச்சந்தையில் விற்றது, மிச்சத்தோடு கடல்மணலைக் கலந்தது, தூண்களுக்குள் கம்பிக்குப் பதில் மூங்கில் வைத்தது, ஒப்பந்தக்காரர் யார், கையெழுத்துப் போட்ட அதிகாரிகள் யார், எல்லாம். நான் முக்காலியில் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குக் காகிதம் ஞாபகம் வந்தது அக்கா. தினமும் கிழிகிற அந்தக் காகிதம். இந்த மனுஷன் பெற்ற பிள்ளையே அந்தச் சுவருக்குக் கீழே நின்று பாடம் நடத்திக்கொண்டிருக்கிறான், இவர் சோம்பல் முறிக்கும் என்று சிரிக்கிறார்.

எனக்குக் கோபம் வந்தது. என் ஆயுளில் வராத கோபம். எழுந்து நின்றேன். "பெஞ்சை நடுவுல இழுத்துப் போட்டு உக்காந்திருக்குதுங்கடா பிள்ளைங்க! நாளைக்கே போய் எல்லாத்தையும் சொல்லு. அந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ள ஒரு பிள்ளை இனி கால் வெக்கக் கூடாது. வெச்சுதுன்னு தெரிஞ்சுது..." என்றேன். அதற்குமேல் என்ன சொல்வது என்று தெரியாததால் நிறுத்திவிட்டேன். அதுதான் அவரை அதிகமாகப் பயமுறுத்தியது என்று நினைக்கிறேன். குழாய் ஒழுகுகிறதா என்று கேட்கிற குரல் இல்லை அது. நீராவிக்குள் அது எதிரொலித்தபோது யாருடைய குரல் என்று நானே திரும்பிப் பார்த்தேன். இடுப்பில் துண்டு இல்லை என்பதே வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது.

"அப்போ பெரியவரே போய்ச் சொல்லிடுன்னுதான் சொல்றாரா, அண்ணே?" என்று அவர் நம்ப முடியாமல் கேட்டார். ஆமாம் என்றேன். எந்தப் பெரியவர் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

சாப்பாட்டுக்கு விலாங்கு மீன் வைத்தார்கள். ஓனுகி என்னை அலங்கார மாடத்துக்கு முன்னால் தலைமை விருந்தாளிக்குரிய இடத்தில் உட்காரவைத்து, தான் வாசல் ஓரமாக உட்கார்ந்து, இரண்டு கையாலும் எனக்கு மது ஊற்றினார். மனைவி காதில் ஏதோ சொன்னார். அந்த அம்மாள் சூப்புக் கிண்ணத்தின் மூடியைக் கீழே போட்டுவிட்டாள். ஷின்சாகு அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். மிசாவோ என் காலைக் கிள்ளினாள். காலையில் நாங்கள் எழுந்திருக்கும்போது அவர்கள் அறை காலி. முதல் ரயிலுக்கே போய்விட்டார்களாம், எங்கள் செலவையும் கட்டிவிட்டு. நாங்கள் கொண்டுபோன அரிசியைக்கூட வேலைக்காரி பயபக்தியோடு திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் பேப்பரில் சின்னதாக ஒரு செய்தி. ஹமாசே நகரமன்ற உறுப்பினர் ஒருவர் தானாகவே அரசு வக்கீலிடம் போய் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். தன்னை உள்ளேயே வைத்துக்கொள்ளும்படி அவரே கெஞ்சிக் கேட்டுக்கொண்டாராம், ஏன் என்று அதிகாரிகளுக்குப் புரியவில்லையாம். பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். பிள்ளைகள் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து படிக்கிறார்கள். அதைப் படித்ததும் எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கினாற்போல் இருந்தது. சாயம் ஏறின முதுகால் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனே என்று இரண்டு நாளாகச் செத்துக்கொண்டிருந்தேன். கெடுக்கவில்லை அக்கா, காப்பாற்றியிருக்கிறேன்! அந்த வீட்டுக்கா நம் பெண்ணை அனுப்பப் பார்த்தோம்?

மிசாவோவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குளியலறைக் கட்டத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அப்பா, அவரு என்ன தப்புப் பண்ணாரு?" என்று கேட்டாள். அப்படிப்பட்ட குடும்பம் நமக்கு வேண்டாம்மா என்றேன். "குடும்பத்தக் கேக்கல, அவரக் கேக்கறேன்" என்று எழுந்து போய்விட்டாள். அது ஒன்றுதான் எனக்கு முள்ளாகக் குத்துகிறது. ஆறிவிடும் என்று நினைக்கிறேன். நீங்கள் வேறு நல்ல இடம் பார்க்காமலா போய்விடுவீர்கள்?

ஆகையால் அக்கா, உங்களிடம் நான் கேட்பது இதுதான். இந்தக் கடிதத்தை அத்தானிடம் காட்டுங்கள், அவர் என்னைப் பற்றி எப்போதும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். தொயாமா மாமாவுக்கும் நகோயா சித்திக்கும் உரக்கப் படித்துக் காட்டுங்கள். முக்கியமாக ஓனுகி அம்மாளுக்கு ஒரு பதில் போடுங்கள், என் தம்பி பரம சாது, அது கிமோனோச் சாயம், மழைக்காலம் முடிந்தால் உதிர்ந்துவிடும் என்று. எங்கள் தெருவில் இப்போதே எனக்கு வழி விடுகிறார்கள். காய்கறிக் கடைக்காரர் முள்ளங்கிக்குக் காசு வாங்க மாட்டேன் என்கிறார். எனக்கு என் பழைய பெயர் திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

மழையில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அத்தானின் முழங்காலுக்குச் சூடான ஒத்தடம் நல்லது, அதாமித் தண்ணீரும் நல்லது என்று பலகையில் இருக்கிறது. உங்கள் வீட்டில் நோய்நொடி இல்லாமல், கூரை ஒழுகாமல், எல்லோரும் நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

என்றும் உங்கள் சொல்லைத் தட்டாத தம்பி,
இசொகாய் தொகுஜி

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டுவிட்டேன், திரும்பப் பிரித்து எழுதுகிறேன். இன்று மத்தியானம் ஷின்சாகு வந்துவிட்டான். கையில் ஒரு பெட்டி, ஒரு மூட்டைப் புத்தகம், தொப்பலாக நனைந்திருந்தான். வாசலில் மண்டியிட்டு, "எங்கப்பா பேரோட இனி என்னால பிள்ளைங்க முன்னாடி நிக்க முடியாதுங்க. உங்க பேரைக் குடுங்க. வீட்டோட மாப்பிள்ளையா எடுத்துக்கங்க" என்றான். நான் பதில் சொல்வதற்குள் மிசாவோ உள்ளேயிருந்து உலர்ந்த துணி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். எடுத்துக்கொண்டேன் அக்கா. எனக்கும் ஒரு மகன் இருந்தால் நன்றாகத்தான் இருக்கும்.

என் முதுகில் இருப்பது சாயம் என்று அவனுக்கு அதாமியிலேயே தெரியுமாம். போன அன்றைக்கே மிசாவோ சொல்லிவிட்டாளாம். அதனால்தான் அவன் இன்னொன்றும் கேட்டுக்கொண்டான். இலையுதிர் காலத்தில்தான் வழக்கு விசாரணைக்கு வருகிறது. அவன் அப்பா உண்மையைச் சொல்லிக்கொண்டிருப்பது என்மேல் உள்ள பயத்தில் மட்டும். அது சாயம் என்று காதில் விழுந்தால் மறுநாளே எல்லாவற்றையும் மாற்றிச் சொல்லிவிடுவார், ஒப்பந்தக்காரர் வெளியே வந்துவிடுவார், பள்ளிக்கூடத்துப் பூட்டும் திறந்துவிடும். படம் ஆகஸ்டில் வருகிறது. ஆனால் அவர் இருக்கிற இடத்தில் சினிமா போடமாட்டார்களாம்.

ஆகவே மேலே எழுதினதை யாருக்கும் காட்டாதீர்கள், படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். ஓனுகி அம்மாளுக்குப் பதில் போடும்போது, ஆமாம், சின்ன வயதிலேயே கெட்டுப்போய்விட்டான், நாங்களும் சொல்லிப் பார்த்துவிட்டோம் என்று எழுதிவிடுங்கள். அத்தானும் அப்படியே நம்பட்டும், அவருக்குச் சந்தோஷமாக இருக்கும். கல்யாணம் அக்டோபரில். நீங்கள் வந்து இறங்கும்போது ஸ்டேஷனில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால் அக்கா, அந்த ஒரு நாள் மட்டும், என்னைக் கண்டதும் தயவுசெய்து கொஞ்சம் பயப்படுங்கள்.